கூடாரச் சமையலும் அம்மாவின் விடுமுறையும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

"கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு?" என்பது நம் பாட்டிமார் அடிக்கடி எடுத்து விடும் பழமொழி. வாழ்க்கைக்கு அது எவ்வளவு பொருந்துமோ, நான் அறியேன். விடுமுறைச் சுற்றுலாவுக்கு அது நூற்றுக்கு நூறு பொருந்தும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் புளியோதரையும் தயிர்சாதமும் முதல் நாள் மதியத்தோடு தீர்ந்து போகின்றன. மலையிலோ ஆற்றங்கரையிலோ கூடாரம் அடித்துத் தங்கும் குடும்பத்துக்கு அன்று இரவு முதல் அடுப்பு வேண்டும், பானை வேண்டும், சமைக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை எப்போதும் யாருடைய கையாக இருக்கிறது? அன்புத் தோழியரே, இக்கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்.

"சுற்றுலாவுக்கு ஏற்ற எளிய சமையல்" என்று பத்திரிகைகளில் குறிப்புகள் வருவதை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். பத்து நிமிடத்தில் ஆகும் பலகாரம், ஐந்தே பொருளில் ஆகும் குழம்பு என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். எளிது என்பதை நிமிடத்தாலும் பொருளின் எண்ணிக்கையாலும் அளக்கிறார்கள். நான் சொல்லும் அளவுகோல் வேறு. சமைத்தவர் அருவியைப் பார்த்தாரா? பார்த்தார் என்றால் அது எளிய சமையல். பார்க்கவில்லை என்றால், பத்து நிமிடத்தில் ஆனாலும் அது எளிய சமையல் ஆகாது.

சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் மூன்று குடும்பத்தார் சேர்ந்து, ஒரு வேன் பிடித்து, நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலைக்குச் சென்றோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறி, அப்பாவின் நண்பர் ஒருவருடைய தோட்டத்தில், பலா மரங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே கூடாரங்கள் அடித்து இரண்டு இரவு தங்கினோம். குளிர்ந்த காற்றும் பறவைகளின் ஒலியும் எங்களை வேறோர் உலகத்துக்குக் கொண்டு சென்றன. ஆனால் அம்மாவும் இரண்டு சித்திமாரும் அதே பழைய உலகத்தில்தான் இருந்தார்கள்! காலையில் பொங்கல், வடை, சட்னி, சாம்பார், மதியம் பிரியாணி, தயிர்ப் பச்சடி, மாலையில் பஜ்ஜி. இவை முடிந்தால் பாத்திரம் துலக்கல். நான் எண்ணிப் பார்த்தேன்; மதிய உணவுக்கு மட்டும் பதினான்கு பாத்திரங்கள்.

இரண்டாம் நாள் ஆகாய கங்கை அருவிக்குப் புறப்பட்டோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். "நீங்கள் எல்லோரும் போய் வாருங்கள், வருவதற்குள் பிரியாணி தயாராக இருக்கும்" என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அய்யாற்றுத் தண்ணீர் பாறைச் சுவரிலிருந்து வெள்ளைத் திரையாக விழும் அந்தக் காட்சியைக் கண்டு, நனைந்து, களித்து, மூச்சிரைக்கத் திரும்பி வந்தோம். "அம்மா, நீ வந்திருக்க வேண்டும்!" என்றேன். "நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதாம்மா. கை கழுவிட்டு உட்காரு, சாப்பாடு ஆறுது" என்றார் அம்மா. அவர் முகத்தில் சிறிதும் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஒருவேளை நான் இதனை எழுதியிருக்க மாட்டேன்.

இதில் அம்மாவின் மீது குறை இல்லை. அப்பாவின் மீதும் குறை சொல்ல நான் வரவில்லை. வெளியே போனால் விருந்து வேண்டும் என்ற எண்ணத்தின் மீதுதான் என் குறை. மூன்று அடுப்பும் மிக்ஸியும் குழாய்த் தண்ணீரும் உள்ள வீட்டிலேயே சிரமப்பட்டுச் செய்வதை, ஒரே அடுப்பும் இரண்டு குடம் தண்ணீரும் உள்ள இடத்தில் செய்யச் சொல்வது என்ன நியாயம்?

மலைச் சமையலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நாம் அறிவியல் பாடத்தில் படித்ததுதான். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். சீக்கிரம் கொதிப்பது நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். தண்ணீர் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடேறாது. ஆகவே பருப்பு வேக நேரமாகும். கொல்லிமலையில் சித்தி "பருப்பு சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். பாவம், கடைக்காரர் என்ன செய்வார்! மூடிய பிரஷர் குக்கருக்குள் நீராவி அடைபட்டு, வெப்பம் 100 டிகிரியைத் தாண்டி ஏறுகிறது. ஆதலால் மலைக்குப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் குக்கரை மறக்கலாகாது.

சரி, குறை சொன்னால் போதுமா? வழியும் சொல்ல வேண்டும் அல்லவா? கூடாரச் சமையலுக்கு மூன்று விதிகளை நான் முன்வைக்கிறேன். முதலாவது, ஒரு வேளைக்கு ஒரே பாத்திரம். இரண்டாவது, வறுப்பதும் அரைப்பதும் தாளிப்பதும் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் முடிந்துவிட வேண்டும். மூன்றாவது, ஒரு நாளில் ஒரு வேளையாவது அடுப்பே பற்ற வைக்கக் கூடாது. இந்த மூன்றுக்கும் உட்பட்டு, ஆறு பேர் உள்ள ஒரு குடும்பம் இரண்டு நாள் எப்படிச் சாப்பிடலாம் என்று பார்ப்போம்.

முதல் நாள் இரவுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்தார் செய்யும் அரிசி பருப்புச் சாதம். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம் பருப்பு. இரண்டும் சேர்ந்த அளவைப் போல மூன்று மடங்கு தண்ணீர். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகாய், மஞ்சள் தூள், உப்பு எல்லாவற்றையும் குக்கரிலேயே தாளித்து, அரிசியும் பருப்பும் போட்டு மூடிவிட வேண்டியதுதான். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தொட்டுக்கொள்ள அப்பளமோ ஊறுகாயோ போதும். சோறு, குழம்பு, கூட்டு என்று மூன்று பாத்திரம் கேட்கும் உணவு ஒரே பாத்திரத்தில் அடங்கிவிட்டது பாருங்கள்.

மறுநாள் காலைக்கு ரவை உப்புமா. உப்புமா என்றதும் நம் வகுப்பில் பாதிப் பேர் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும்! ஆனால் கூடாரத்தில் அதற்கு இணையில்லை. வீட்டிலேயே கடுகு, உளுத்தம் பருப்பு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ரவையையும் அதிலேயே கொட்டி வாசம் வர வறுத்து, நன்றாக ஆறிய பின் டப்பாவில் அடைத்துக்கொள்ள வேண்டும். மலையில் வேலை என்ன? ஒரு டம்ளர் கலவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் வைத்து, உப்புப் போட்டு, கொதித்ததும் கலவையைத் தூவிக் கிளற வேண்டியதுதான். பத்து வயதுத் தம்பிகூட, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால், செய்துவிடுவான்.

மதியம் அடுப்பில்லாச் சாப்பாடு. அருவிக்குப் போகும் நாளுக்கென்றே பிறந்தது அவல். கெட்டி அவலைக் கழுவிச் சிறிது தண்ணீர் தெளித்து வைத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெத்தென்று ஊறிவிடும். உப்பு, எலுமிச்சைச் சாறு, வறுத்த வேர்க்கடலை சேர்த்தால் காரசாரமான உணவு. வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்தால் இனிப்பான உணவு. வழியிலே விற்கும் வாழைப்பழமும் கொய்யாவும் துணைக்கு இருக்கின்றன. சமைக்க யாரும் பின்தங்க வேண்டியதில்லை. குடும்பம் முழுவதும் படியிறங்கலாம்.

மாலையில் முட்டையையும் உருளைக்கிழங்கையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் நன்றாகக் கழுவி, ஒரே பானையில் போட்டு வேக வைத்து, உப்பும் மிளகுத் தூளும் தொட்டுச் சாப்பிடலாம். எண்ணெய்ச் சட்டி இல்லை; பஜ்ஜி மாவு இல்லை; கழுவ ஒரு பானைதான்.

இரண்டாம் நாள் இரவுக்குப் புளிக்காய்ச்சல். வீட்டில் நல்லெண்ணெய் விட்டுச் சுண்டக் காய்ச்சி, ஈரமில்லாத பாட்டிலில் எடுத்துச் செல்ல வேண்டும். புளிப்பும் உப்பும் மிகுந்து தண்ணீர் வற்றியிருப்பதால் கிருமிகள் அதில் எளிதில் வளர்வதில்லை. வெறும் சோறு மட்டும் வடித்துப் பிசைந்தால் போதும். ஆனால் வடித்த சோற்றை நம்பி நீண்ட நேரம் வைத்திருக்காதீர்கள். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கோடைக் காலத்தில் வடித்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் உண்டு முடிப்பதே நன்று. குடிக்கும் தண்ணீரையும் ஓடையிலிருந்து அப்படியே எடுக்கலாகாது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும்.

நெருப்பைப் பற்றியும் நான் எழுதாவிட்டால் என் கட்டுரை முழுமையாகாது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் விடியற்காலையில், மதுரை ரயில் நிலையத்தின் அருகே நிறுத்தி வைத்திருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து எரிந்தது. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள் விதிக்கு மாறாகக் கொண்டுவந்திருந்த எரிவாயு சிலிண்டரே காரணம். தேநீர் போடப் பற்ற வைத்த அடுப்பு ஒன்பது உயிர்களைக் கொண்டு போயிற்று. நம்மைப் போலவே ஊர் பார்க்க ஆசையாய்ப் புறப்பட்டு வந்தவர்கள் அவர்கள். ரயிலில் சிலிண்டரோ மண்ணெண்ணெய் அடுப்போ கொண்டு போகக் கூடாது என்பது நமக்குத் தொல்லை தருவதற்காக எழுதிய விதி அன்று என்பதை அந்த நாள் காட்டிவிட்டது.

அவ்வாறே 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காய்ந்த புல்லும் மேல்நோக்கிய சரிவும் காற்றும் சேர்ந்தால், மனிதன் ஓடுவதைவிட வேகமாக நெருப்பு ஓடும். காப்புக் காட்டுக்குள் அடுப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம். அனுமதியுள்ள தோட்டத்திலோ முகாம் இடத்திலோ, சுற்றிலும் சருகு பெருக்கி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். மழை தூறுகிறது என்று கூடாரத்துக்குள் அடுப்பைக் கொண்டு போவதும், குளிருக்காகக் கரிக் கங்கை உள்ளே வைத்துக்கொண்டு தூங்குவதும் உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எரிபொருள் எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறதோ அவ்வளவு ஆபத்தும் குறைவு. ஒரு பாத்திரச் சமையலுக்கு இதுவும் ஒரு சிறப்பு.

குப்பையும் அப்படியே குறைகிறது. ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்துள்ளது. வாழை இலையோ மந்தாரை இலையோ இருந்தால் தட்டுக் கழுவும் வேலையும் மிச்சம். மீந்த உணவைக் காட்டோரம் கொட்டினால் குரங்கும் பன்றியும் கூடாரத்தைத் தேடி வரும். ஆகவே அளந்து சமைப்போம், மிச்சமில்லாமல் உண்போம்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். சமையல் எவ்வளவு எளிதானாலும் அதை அம்மா ஒருவரே செய்தால் நாம் எங்கே தொடங்கினோமோ அங்கேயேதான் நிற்போம். இதற்கு வழி நமக்குப் புதிதன்று. நம்மில் பலர் சாரணியர். 1909-ஆம் ஆண்டு லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்கள் கூடியபோது, அழைப்பில்லாமலே சில சிறுமியர் அங்கு வந்து "எங்களுக்கும் இடம் வேண்டும்" என்று பேடன் பவலிடம் கேட்டார்கள் என்பது நமக்குத் தெரிந்த வரலாறு. அடுத்த ஆண்டே சாரணியர் இயக்கம் பிறந்தது. நம் நாட்டில் 1950-ஆம் ஆண்டு முதல் பாரத சாரண சாரணியர் இயக்கமாக அது செயல்படுகிறது. முகாமில் நாம் என்ன செய்கிறோம்? அணி அணியாகப் பிரிகிறோம். ஓர் அணி தண்ணீர் கொண்டு வருகிறது; ஓர் அணி அடுப்பைக் கவனிக்கிறது; ஓர் அணி சமைக்கிறது; ஓர் அணி துப்புரவு செய்கிறது. மறுநாள் முறை மாறுகிறது. அணித்தலைவியாக இருப்பவளும் பாத்திரம் துலக்குகிறாள். யாரும் யாருக்கும் "உதவி" செய்வதில்லை. அவரவர் முறையை அவரவர் செய்கிறோம்.

இந்த "உதவி" என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். "அம்மாவுக்கு உதவி செய்" என்று எல்லோரும் நமக்குச் சொல்கிறார்கள். அப்படியென்றால் வேலை அம்மாவுடையது, நாம் போனால் போகிறது என்று கை கொடுக்கிறோம் என்றுதானே பொருள்? ஆறு பேர் உண்ணும் உணவு ஆறு பேருடைய வேலை அன்றோ? என் அண்ணன் அவன் பள்ளியில் சாரணன். சமையல் சின்னம் பெற்று, அதைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டு பெருமையாகத் திரிகிறான். முகாமில் முப்பது பேருக்குக் கிச்சடி செய்த வீரன், வீட்டில் தான் உண்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறான். அந்தச் சின்னம் வீட்டு வாசலில் ஏன் செல்லாமல் போகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

"ஆண்பிள்ளை கரண்டி பிடிக்கவா?" என்று பாட்டி கேட்கிறார். ஆயிரம் பேர் உண்ணும் கல்யாண வீட்டுச் சமையற்கட்டைப் பார்த்தால், அங்கே பெரும்பாலும் கரண்டி பிடித்திருப்பவர்கள் ஆண்களே. சம்பளத்துக்குப் பிடிக்கலாம், அம்மாவுக்காகப் பிடிக்கக் கூடாதா? "ஓட்டலில் சாப்பிட்டால் போகிறது" என்கிறார் மாமா. எல்லா மலையிலும் ஓட்டல் இல்லை. எல்லாக் குடும்பத்திடமும் ஆறு பேருக்கு ஆறு வேளை ஓட்டலில் கொடுக்கப் பணமும் இல்லை. மேலும் திறந்த வெளியில் சேர்ந்து சமைப்பதில் ஒரு தனி இன்பம் இருக்கிறது. அந்த இன்பத்தை விட்டுவிடச் சொல்லி நான் எழுதவில்லை. பங்கு போட்டுக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

"அம்மாவுக்குச் சமைப்பதுதான் சந்தோஷம்" என்று சொல்வோரும் உண்டு. இருக்கலாம், நான் மறுக்கவில்லை. அப்படியானால் ஒரு வேளை அவர் விரும்பியதை, விரும்பிய நேரத்தில், அவர் சமைக்கட்டும். மற்ற வேளைகளில் பலா மர நிழலில் பாயை விரித்து உட்காரட்டும், அருவிக்கு வரட்டும், ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்கட்டும். சும்மா இருந்து பார்க்காத ஒருவருக்கு எது சந்தோஷம் என்று நாமாக எப்படி முடிவு கட்டுவது?

ஆகவே தோழியரே, அடுத்த சுற்றுலாவுக்கு நாள் குறித்ததும் முதலில் ஒரு தாளை எடுங்கள். தண்ணீர், அடுப்பு, சமையல், துப்புரவு என்று நான்கு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் வீட்டிலுள்ள அனைவருடைய பெயரையும், அப்பா, அண்ணன் பெயரையும் சேர்த்து, முறை வைத்து எழுதுங்கள். அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள், பரவாயில்லை, சிரிக்கட்டும். சுற்றுலா முடிந்து திரும்பிய பின்னும் தாளைச் சுவரிலேயே விட்டுவையுங்கள். இரண்டு நாளில் பழகிய கைகள் மூன்றாம் நாள் மறந்தா போகும்?

உப்புமா சற்றுக் கட்டி தட்டலாம், சாதம் அடிப்பிடிக்கலாம். அதனால் யாருடைய விடுமுறையும் கெட்டுவிடாது. அடுப்பைச் சுற்றி அனைவரும் நிற்போம். அருவியையும் அனைவரும் காண்போம்!